முப்பது மில்லி ஆம்பியர்

தண்டையார்பேட்டையில் மூன்று மாடி ஏறினால்
மொட்டைமாடியில் நீலத்தில் ஒரு தொட்டி.
ஈ.சி.ஆரில் மூடிப்போன ஏதோ ரிசார்ட்டில்
யார் யாரோ கால் நீட்டிக் கிடந்தது.
மூலக்கொத்தளம் காயலான் கடையில் எடைக்குப் பேசி
கிரேன் ஓட்டுகிற கிளாட்சன் வாங்கி,
கயிறு கட்டி வெளிப்பக்கமாகவே ஏற்றியிருக்கிறார்.
தெருவே நின்று பார்த்ததாம்.

மேபலுக்காக.
இருபத்திரண்டு வருஷம்
காசிமேட்டில் ஐஸ் உடைத்த முட்டி.
சுடுதண்ணியில் அரைமணி உட்கார்ந்தால்
படி இறங்க வரும் என்று
ஸ்டான்லியில் ஒரு டாக்டர் சொன்னது.

நாற்பது நிமிஷம் ஓடும். டக்.
தூக்கிவிட்டால் பத்து நிமிஷம். டக்.
நேற்றிலிருந்து தூக்கின கையிலேயே டக்.

"பெரிய பிரேக்கரா போட்டுடு நூருல்லா.
இல்லன்னா டைரக்டா குடுத்துடு.
முன்னாடி வந்த பையன் அப்படித்தான் சொன்னான்."

டெஸ்டரைக் காதில் செருகிக்கொண்டேன்.
"அண்ணே, இது கணக்குப்பிள்ளை.
போன கரண்டு முழுசாத் திரும்பி வந்துச்சான்னு
எண்ணிக்கிட்டே இருக்கும்.
முப்பது மில்லி ஆம்பியர் குறைஞ்சா
கடையைச் சாத்திடும்.
குறைஞ்சது எங்க போச்சு?
தண்ணிக்குள்ள போச்சுன்னா,
தண்ணிக்குள்ள யாரு உக்காந்திருக்காங்க?"

கிளாட்சன் அப்புறம் பேசவில்லை.
பீடியைப் பற்றவைக்காமலே வைத்திருந்தார்.

மெயினை இறக்கிப் பக்கப்பலகையைக் கழற்றினால்
உப்பு.
கடல் நாலு தெரு தள்ளித்தான்,
ஆனால் இங்கேயும் வந்துபோயிருக்கிறது,
ஸ்க்ரூ தலை ஒவ்வொன்றிலும் பச்சையாய்ப் பூத்து.
கண்ட்ரோல் பெட்டிக்குள் ஒரு பல்லி
காய்ந்து, யாரோ போட்ட கையெழுத்து மாதிரி.
"இதானா?"
இது இல்லை. இது சும்மா செத்தது.

எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன்:
பம்ப், காற்று ஊதுகிற மோட்டார்,
ஓசோன் டப்பா, விளக்கு, ஹீட்டர்.
வெறும் போர்டுக்குக் கரண்ட் கொடுத்து உட்கார்ந்தோம்.
நிற்கிறது.
பம்ப்பைச் சேர்த்தேன். நிற்கிறது.
மோட்டார். கீழ்வீட்டில் மிக்ஸி அலறி ஓய,
பயந்துபோய்க் கையை எடுத்தேன்.
இல்லை, நிற்கிறது.
ஓசோன், பாவம், அது எப்போதோ போய்விட்டிருந்தது.
விளக்கு எரிந்தது, பட்டப்பகலில், அசடு மாதிரி.
ஹீட்டர்.

டக்.

திரும்பக் கழற்றி மெக்கரை வைத்தால்
முள் பூஜ்யத்தை விட்டு எழமாட்டேன் என்றது.
சுருளை உருவி வெயிலுக்குக் காட்டினேன்.
சுண்ணாம்பு ஏறிய வளைவில்
நகம் கீறின அளவுக்கு ஒரு கோடு.
ஆறியிருந்தபோது மூடிக்கொண்டு
சூடானால் வாய் திறந்திருக்கிறது,
முதலில் கொஞ்சமாய், பிறகு எப்போதுமே.
அந்த நாற்பது நிமிஷம் அதற்குத்தான்.

மேபல் மேலே வந்திருந்தார்,
படிக்கு இரண்டு காலாக வைத்து.
தோளில் துண்டு.

"சரியாயிடுச்சா?"

"எலிமெண்ட் போச்சுக்கா.
பாரிஸ்ல அளவு குடுத்துச் செய்யச் சொல்லணும்.
நாலு நாள் ஆவும்.
மத்ததெல்லாம் ஓடும். நுரை வரும்.
வேணும்னா பச்சத்தண்ணியில உக்காருங்க."

அவர் என்னைப் பார்த்தார்.
தொட்டியைப் பார்த்தார்.

"பச்சத்தண்ணி.
இருபத்திரெண்டு வருஷம் அதுல நின்னேன் தம்பி.
அதுக்குக் கூலியாவது குடுத்தாங்க."

மூடியை இழுத்து மூடச் சொன்னார்.
காலையிலிருந்து வெயில் குடித்துக் கிடந்த
கறுப்பு ரெக்சின் மூடி.
அதன்மேல் மெதுவாக ஏறி உட்கார்ந்து
இரண்டு காலையும் நீட்டினார்.
உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"இது தேவலையே."

கிளாட்சன் அப்போதுதான் பீடியைப் பற்றவைத்தார்.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது.

எலிமெண்டைப் பேப்பரில் சுற்றிக்கொண்டேன்.
இறக்கிய பிரேக்கர்மேல் வெள்ளை டேப் ஒட்டி
பேனாவால் எழுதினேன்: தூக்காதே.
அவர் வயசை நினைத்து,
கடைசி எழுத்தை அடித்துவிட்டு,
தூக்காதீர்கள்.